அகமணம்: எமது வேலியும் அதன் விலையும்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் மிகவும் கவனமாக வாசிக்கப்படும் பக்கங்களுள் மணமகன், மணமகள் தேவை விளம்பரப் பக்கமும் ஒன்றாகும். அரசியல் செய்திகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகிறவர்களும் அப்பக்கத்தைப் பேனாவும் கையுமாக அமர்ந்து வாசிப்பதுண்டு. ஊர், மதம், சாதி, நட்சத்திரம், கிரகபாவம், வயது, உயரம், கல்வி, தொழில், சீதனம் என ஒரு மனிதரைப் பற்றிய விபரங்கள் அனைத்தும் இருபது முப்பது சொற்களுக்குள் அங்கே அடக்கப்பட்டுவிடுகின்றன. முஸ்லிம் குடும்பங்களின் விளம்பரங்களில் நட்சத்திரமும் கிரகமும் இடம்பெறுவதில்லை. ஆயினும் ஊரும், குடும்பப் பின்னணியும், மார்க்கப்பற்றும் அவ்விடத்தை நிரப்பிவிடுகின்றன.

சில வருடங்களுக்கு முன்னர் வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தமது மகளுக்கு வரன் தேடும் விளம்பரத்துடன் எம்மைச் சந்திக்க வந்திருந்தார். மகளுக்கு 34 வயது, கணக்காளராகப் பணியாற்றுகின்றவர். விளம்பர வாசகத்தில் சாதியைக் குறிக்கும் சொல்லை அந்த அம்மையார் தமது கையாலேயே வெட்டியிருந்தார். அது மகளின் விருப்பம் என்றார். மறுநாட் காலையில் தொலைபேசியில் எம்மைத் தொடர்புகொண்டு, அச்சொல்லைத் திரும்பவும் சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொண்டார். "எனக்கு இதில நம்பிக்கை இல்லைத் தம்பி. ஆனா அந்தச் சொல் இல்லாட்டி, ஏதோ குறையை மறைக்கிறம் எண்டு சனம் நினைக்கும்" என்பதே அவர் கூறிய விளக்கமாகும்.

அச்சொல்லை நாம் சேர்த்தோம். விளம்பரமும் வெளியாகியது. ஆகவே இவ்விடயத்தை வெளியில் நின்று விமர்சிக்கும் உரிமை எமக்கு இருப்பதாக நாம் கருதவில்லை. எனினும், அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு யாது, அது எவ்வாறு தோன்றியது, இன்று எம்மிடமிருந்து எதனை விலையாகப் பெறுகின்றது என்பனவற்றை விளக்க முயல்வது பயனுடையதாகும்.

தத்தம் குழுவுக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் வழக்கத்தைச் சமூகவியலாளர்கள் அகமணம் என்பர். குழுவுக்கு வெளியே மணம் செய்வது புறமணம். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த மக்லெனன் என்பவர் 1865 இல் வெளியிட்ட நூலில் இவ்விரண்டையும் குறிக்கும் சொற்களை முதலில் கையாண்டார். இவை ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும், பெரும்பாலான சமூகங்களில் இரண்டுமே ஒருசேர இயங்குகின்றன. வெளியே ஒரு பெரிய வட்டம் உண்டு. அதனைத் தாண்டி மணம் செய்யக் கூடாது. உள்ளே ஒரு சிறிய வட்டம் உண்டு. அதற்குள் மணம் செய்யக் கூடாது. இவ்விரு கோடுகளுக்கும் இடைப்பட்ட பகுதியிலேயே பெற்றோர் வரன் தேடுகின்றனர்.

தமிழரின் உறவுச் சொற்களிலேயே இந்த விதி பொதிந்துள்ளது. தாய்மாமனின் மகனும் தந்தையின் சகோதரியின் மகனும் ஒரு பெண்ணுக்கு மச்சான் முறையாவர். அவர்கள் மணக்கத் தக்கவர்கள். சித்தப்பா, பெரியம்மா ஆகியோரின் பிள்ளைகளோ சகோதரர்கள். அவர்களை மணப்பது நினைத்தும் பார்க்க முடியாதது. இஸ்லாமிய சட்டம் இவ்விரு வகை உறவுகளுக்கிடையே வேறுபாடு காட்டுவதில்லை. ஆயினும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இலங்கை முஸ்லிம்களிடையே நெருங்கிய உறவுத் திருமணம் என்றால் பெரிதும் மச்சான், மச்சாள் முறையே கருதப்படுகின்றது. மதம் வேறாயினும் உறவுமுறையின் இலக்கணம் ஒன்றாக இருப்பதை இங்கு அவதானிக்கலாம்.

கிழக்கு மாகாணத்தில் இந்த ஒற்றுமை மேலும் தெளிவாகத் தெரிகின்றது. மட்டக்களப்பு, அம்பாறைப் பிரதேசங்களில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் தாய்வழியாக வரும் 'குடி' முறை நிலவி வந்துள்ளது. ஒரே குடியைச் சேர்ந்தவர்கள் தமக்குள் மணம் செய்வதில்லை. கோயில் திருவிழாக்களில் குடிகளுக்கு உரிமை இருந்ததைப் போன்றே பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிகளின் பிரதிநிதிகளாக மரைக்காயர்கள் இருந்தனர். அக்கரைப்பற்றில் பல வருடங்கள் களஆய்வு நடத்திய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008 இல் வெளிவந்த தமது நூலில் இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளார். பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்து மணம் செய்துவைக்கும் வழக்கமும் அங்கு இரு சமூகங்களுக்கும் பொதுவானதாகும்.

ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து, பெண் எடுக்காத இரு சமூகங்கள், மணம் செய்யும் முறையில் மட்டும் இத்தனை தூரம் ஒத்திருப்பது எவ்வாறு? வரலாற்றில் எங்கோ கலப்பு நிகழ்ந்துள்ளது என்பதே இதற்கான எளிய விடையாகும். அரபு வணிகர்கள் இத்தீவிலும் தென்னிந்தியக் கரையோரங்களிலும் உள்ளூர்ப் பெண்களை மணந்து குடியேறியமை, இலங்கைச் சோனகரின் தோற்றத்தில் முக்கிய இடம் வகிக்கின்றது. அக்கலப்பு எந்த அளவினது என்பதில் 1888 இல் சேர். பொன்னம்பலம் இராமநாதன் ஒரு கருத்தை முன்வைத்தார். 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதனை மறுத்து எழுதினார். அவ்விவாதத்தின் அரசியல் ஒருபுறமிருக்க, இன்று வேலியாகக் கருதப்படும் இடம் ஒரு காலத்தில் வாசலாக இருந்தது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை.

மரபணு ஆய்வுகளும் இதனையொத்த முடிவுக்கே வந்துள்ளன. இந்தியத் துணைக்கண்டத்தில் வெவ்வேறு மூதாதையரைக் கொண்ட மக்கள் கூட்டங்களுக்கிடையே, இற்றைக்கு ஏறத்தாழ 4200 முதல் 1900 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் பரவலான கலப்பு நிகழ்ந்ததென்றும், அதன் பின்னரே கட்டுப்பாடான அகமணம் வேரூன்றியதென்றும் 2013 இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. எனவே அகமணம் ஆதி முதல் வந்தது என்ற நம்பிக்கை சரியானதல்ல. அது ஒரு காலத்தில் தொடங்கியது.

அது எவ்வாறு நிலைநிறுத்தப்பட்டது என்பதை டாக்டர் அம்பேத்கர் தமது 25 ஆவது வயதில் விளக்கினார். 1916 மே 9 ஆம் திகதி நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் சமர்ப்பித்த கட்டுரை, சாதியின் அடிப்படைப் பண்பு அகமணமே என்று வாதிட்டது. ஒரு குழு தனக்குள்ளேயே மணம் செய்ய வேண்டுமாயின், அக்குழுவுக்குள் மணவயதை அடைந்த ஆண்களினதும் பெண்களினதும் எண்ணிக்கை சமமாக இருத்தல் வேண்டும். ஆனால் மரணம் அவ்வாறு கணக்குப் பார்த்து வருவதில்லை. கணவனை இழந்த பெண் 'மிகை'யாகிவிடுகின்றாள். அவள் குழுவுக்கு வெளியே மணம் செய்தால் வேலி உடையும். உள்ளே மறுமணம் செய்தால் மற்றொரு பெண்ணுக்கு உரிய வரன் குறையும். உடன்கட்டை ஏறுதல், விதவைக் கோலம், பால்ய விவாகம் ஆகிய வழக்கங்கள் இந்தக் கணக்கைச் சரிசெய்வதற்காகவே தோன்றின என்பது அவரது விளக்கமாகும்.

ஒரு நூற்றாண்டுக்கு முந்திய இக்கட்டுரை இன்றைய வெள்ளவத்தைக்கும் பொருந்துகின்றது. போரில் இளைஞர்கள் மாண்டனர், காணாமல் ஆக்கப்பட்டனர். 1983 இன் பின்னர் பல்லாயிரக்கணக்கான ஆண்கள் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்றனர். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, நாடு முழுவதிலும் 100 பெண்களுக்கு 93.8 ஆண்களே இருந்தனர். இவ்வாறு சுருங்கிய எண்ணிக்கையைச் சாதி, ஊர், சமயம், செவ்வாய் தோஷம், வயது வித்தியாசம் என்று மேலும் மேலும் வடிகட்டினால் எஞ்சுவது எத்தனை பேர்? உடன்கட்டை இன்று இல்லை. அதற்குப் பதிலாக முப்பத்தைந்து, நாற்பது வயது வரை காத்திருக்கும் பெண்கள் இருக்கின்றார்கள். காலி வீதியை அண்டிய தொடர்மாடிகளில் இது வீட்டுக்கு வீடு தெரிந்த விடயமாகும்.

பற்றாக்குறை ஏற்படும்போது விலை ஏறுவது சந்தையின் இயல்பு. ஒரு சாதிக்குள், ஒரு ஊருக்குள் இருக்கும் மருத்துவர், பொறியியலாளர் ஆகியோரின் எண்ணிக்கை சிறிது. அவர்களை நாடும் குடும்பங்களோ பல. எனவே யாழ்ப்பாணத்து வீட்டுக்கு மேலாகக் கொழும்பில் ஒரு தொடர்மாடி வீடு, அதற்கு மேலாக மாப்பிள்ளை வீட்டாருக்கு 'டொனேஷன்' என்று சீதனம் வளர்கின்றது. முஸ்லிம்களிடையே மணமகன் மணமகளுக்கு மஹர் கொடுத்தலே மார்க்கக் கடமையாக இருக்க, எதிர்த்திசையில் செல்லும் கைக்கூலி வழக்கில் நிலைத்துவிட்டது. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் கைக்கூலி என்ற சொல்லை ஏற்றுக்கொண்டு, அது மணமகளின் உபயோகத்துக்கானது எனக் குறிப்பிடுகின்றது. சீதனத்துக்கு எதிராக மேடைகளில் பேசுவோர், சீதனத்தை வளர்க்கும் வேலியைப் பற்றிப் பேசாதிருப்பது வியப்புக்குரியது.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குச் சென்றால் இவ்வட்டங்கள் எத்தனை நுண்ணியவை என்பது புலப்படும். யாழ்ப்பாணத் தமிழர், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர், கத்தோலிக்கர், கொழும்புச் செட்டிமார், பரதர், அருகே செட்டியார் தெருவின் வர்த்தகக் குடும்பங்கள், சோனகர், மலாயர் என்று பலரும் அப்பகுதியில் நெருங்கி வாழ்கின்றனர். இவர்களுள் செட்டிமாரும் பரதரும் குடிசன மதிப்பீட்டில் தனி இனக்குழுக்களாகவே பதியப்படுகின்றனர். முஸ்லிம்களிடையேயும் மேமன், போரா சமூகத்தினர் தமக்குள்ளேயே சம்பந்தம் செய்வதை விரும்புகின்றனர். ஒரே கடையில் சாமான் வாங்கி, ஒரே பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பி, ஒரே பஸ்ஸில் பயணம் செய்யும் இவர்கள், திருமணத்தில் மட்டும் தனித்தனி ஊர்களாகி விடுகின்றனர்.

இவற்றுள் எம்மை மிகவும் சிந்திக்க வைப்பது யாழ்ப்பாணத் தமிழருக்கும் மலையகத் தமிழருக்கும் இடையிலான இடைவெளியாகும். மொழி ஒன்று, பெரும்பான்மையோருக்குச் சமயமும் ஒன்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியபோது எழுந்த கண்டனக் குரல்களை எமது அரசியல் இன்றும் பெருமையுடன் நினைவுகூருகின்றது. ஆனால் அக்கண்டனம் திருமண விளம்பரப் பக்கத்தை வந்தடையவில்லை. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கோயிலுக்குள்ளும் தேநீர்க் கடைக்குள்ளும் நுழைவதற்கு வழி செய்தது. 1968 இல் மாவிட்டபுரத்தில் அதற்காகப் போராட்டமும் நடைபெற்றது. வீட்டு வாசற்படியில் அச்சட்டம் நின்றுவிட்டது. எந்தச் சட்டமும் அதற்கப்பால் செல்ல இயலாது என்பதும் உண்மையே.

வேலி அனைவருக்கும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. கொழும்பின் தமிழ்ப் பிரமுகரான சேர். முத்துக்குமாரசுவாமி 1870களில் ஆங்கிலேயப் பெண்மணி ஒருவரை மணந்தார். அவர்களுடைய மகனே 1877 இல் பிறந்து உலகப் புகழ்பெற்ற கலை அறிஞரான ஆனந்த குமாரசுவாமி. முத்துக்குமாரசுவாமியின் மருமகனான சேர். பொன்னம்பலம் இராமநாதன், கொட்டாஞ்சேனையின் ஸ்ரீ பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயத்தைக் கருங்கல்லில் கட்டுவித்தவர். அவர் அவுஸ்திரேலியாவில் பிறந்த பெண்மணியை இரண்டாந் தாரமாக மணந்தார். அந்த லீலாவதி இராமநாதன், 1913 இல் தொடங்கிய இராமநாதன் கல்லூரியுடன் இணைந்து சைவப் பெண்களின் கல்விக்கு உழைத்ததை யாழ்ப்பாணம் இன்றும் போற்றுகின்றது. செல்வமும் செல்வாக்கும் உடையோர் வேலியைத் தாண்டியபோது சமூகம் மாலையிட்டது. சாதாரண குடும்பத்துப் பிள்ளை தாண்டும்போது செத்தவீட்டுக்கும் போவதில்லை என்று உறவைத் துண்டித்துக் கொள்கின்றது.

சட்டம் இவ்விடயத்தில் என்ன கூறுகின்றது என்பதும் பலருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், இனமோ மதமோ சாதியோ திருமணத்துக்குத் தடையாவதில்லை. கண்டியச் சட்டம் கண்டியச் சிங்களவருக்கும், முஸ்லிம் விவாகச் சட்டம் இரு தரப்பினரும் முஸ்லிம்களாக இருக்கும் திருமணங்களுக்கும் உரியவை. எனவே இருவேறு சமூகத்தவர் தத்தம் மதத்தில் இருந்தவாறே மணம் செய்வதாயின் பொதுச் சட்டத்தின் கீழேயே பதிவு செய்தல் வேண்டும்.

யாழ்ப்பாணத் தமிழரைப் பொறுத்தவரை தேசவழமை என்ற ஒன்றும் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்த இவ்வழமைகளுக்கு ஆங்கிலேயர் 1806 இல் சட்ட வலுவளித்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரிக்கும் இச்சட்டம், அதற்குட்பட்டவர் கொழும்பில் வசித்தாலும் அவரைத் தொடர்கின்றது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் மற்றும் முதுசக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்குட்பட்ட பெண், அதற்குட்படாத ஒருவரை மணந்தால், அத்திருமணம் நீடிக்கும் வரை தேசவழமை அவரைக் கட்டுப்படுத்தாது. தேசவழமைக்குட்படாத பெண் அதற்குட்பட்டவரை மணந்தால் அவரும் அதற்குட்பட்டவராகின்றார். தமக்குள் மணம் செய்த பெண், தமது பெயரில் உள்ள வீட்டைக்கூட விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தைப் பெற வேண்டியிருக்க, வெளியே மணந்தவருக்கு அக்கட்டுப்பாடு இல்லை. வேலிக்குள் இருப்பதே பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று கூறுவோர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மதம் மாறி மணம் செய்வோரும் சில விடயங்களை முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று. ஏற்கெனவே மணமான ஒருவர் இஸ்லாத்தைத் தழுவி மறுமணம் செய்வது செல்லும் என்று 1965 இல் பிரித்தானியக் கோமறைக் கழகம் தீர்ப்பளித்திருந்தது. ஆயினும் பொதுச் சட்டத்தின் கீழ் செய்த முதல் திருமணம் நிலைத்திருக்கும்போது அவ்வாறு செய்ய முடியாது என்று 1997 இல் எமது உயர் நீதிமன்றம் அந்நிலைப்பாட்டை மாற்றியது. இறுதி விருப்பாவணம் எழுதாது மரணிக்கும் முஸ்லிம் ஒருவரின் சொத்து 1931 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி முஸ்லிம் சட்டப்படியே பகிரப்படும். அச்சட்டத்தில் முஸ்லிமல்லாத வாழ்க்கைத் துணைக்கு வாரிசுரிமை இல்லை. காதலிக்கும் போது இவை பற்றிப் பேசுவது கசப்பாகத் தோன்றலாம். எனினும் சட்டத்தரணி ஒருவரிடம் சென்று முறையாக உறுதியும் விருப்பாவணமும் எழுதி வைப்பது, பின்னர் நீதிமன்றப் படியேறுவதை விட இலகுவானது.

இத்தனையும் கூறிவிட்டு, அகமணத்தை விரும்பும் பெற்றோரை மூடர்கள் என்று ஒதுக்கிவிட நாம் தயாரில்லை. சிறுபான்மைச் சமூகமொன்று தன் மொழியையும் சமயத்தையும் அடுத்த தலைமுறையிடம் கையளிக்கும் இடம் வீடுதான். பேரப்பிள்ளை தேவாரம் பாட வேண்டும், தொழ வேண்டும், தமிழில் தன்னோடு பேச வேண்டும் என்ற பாட்டியின் ஆசையில் இழிவு எதுவுமில்லை. 1983 இல் எரிந்த வீடுகளை விட்டோடியவர்களுக்கும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கும் 'எங்கட ஆக்கள்' என்ற சொல் வெறும் பெருமையாக மட்டும் இருந்ததில்லை. அதுவே தங்குமிடமாகவும் உணவாகவும் இருந்தது. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்த பின்னர், அயலவர்கள் ஒருவரையொருவர் அச்சத்துடன் நோக்கிய நாட்களை நாம் மறந்துவிடவில்லை.

ஆயினும் இங்கு வேறுபடுத்திப் பார்க்க வேண்டிய இரண்டு உண்டு. சமய நம்பிக்கை என்பது ஒருவர் சிந்தித்துப் பின்பற்றுவது. அது திருமணத்தில் கருத்திற் கொள்ளப்படுவதற்கு நியாயம் உண்டு. முஸ்லிம் ஆண் வேதம் வழங்கப்பட்ட சமூகத்துப் பெண்ணை மணப்பதை இஸ்லாமிய சட்டம் ஏற்கின்றது; ஏனையோரிடம் நம்பிக்கையில் ஒற்றுமையை எதிர்பார்க்கின்றது. கத்தோலிக்கத் திருச்சபையும் ஞானஸ்நானம் பெறாதவருடனான திருமணத்துக்கு விசேட அனுமதியை வேண்டி நிற்கின்றது. சாதியோ அத்தகையதன்று. அதனை எவரும் சிந்தித்துத் தெரிவு செய்ததில்லை. அதைக் காப்பதால் மொழியும் வளரவில்லை, சமயமும் வளரவில்லை. ஒருவரை மேலாகவும் மற்றவரைக் கீழாகவும் வைத்திருப்பதைத் தவிர அதற்கு வேறு பயன் கிடையாது. தமிழ்நாட்டின் உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் மாதம், சாதி கடந்து மணந்த இளைஞர் ஒருவர் பட்டப்பகலில் நடுவீதியில் வெட்டிக் கொல்லப்பட்டார். எமது மண்ணில் அரிவாள் தூக்கப்படுவது அரிது என்று நாம் ஆறுதல் அடையலாம். உயிரோடிருக்கும் பிள்ளைக்கு 'செத்துப் போனாள்' என்று தலைமுழுகும் வீடுகள் எம்மிடமும் உண்டு.

உடல்நலம் பற்றியும் ஒரு வார்த்தை. சொந்தத்துக்குள் செய்யும் திருமணங்கள் அனைத்தும் நோயைத் தரும் என்ற அச்சம் மிகையானது. பொதுவாகப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 3 வரையானவர்களுக்குப் பிறவிக் குறைபாடுகள் காணப்படுகின்றன. முதல்நிலை மச்சான், மச்சாள் தம்பதியரின் பிள்ளைகளில் இது ஏறத்தாழ இரு மடங்காகின்றது. தலைமுறை தலைமுறையாக அவ்வாறே மணம் செய்துவரும் குடும்பங்களும், தலசீமியா போன்ற பரம்பரை நோயுள்ள குடும்பங்களும் திருமணத்துக்கு முன்னர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியமாகும். சாதகம் பார்ப்பதற்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கு இதற்குப் போதுமானது.

சட்டத்தால் மட்டும் மாற்றம் வந்துவிடாது என்பதற்கு அயலில் சான்று உண்டு. இந்தியாவில் 1954 இல் விசேட திருமணச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணங்களுக்கு 1967 இல் அண்ணாதுரையின் அரசு சட்ட அங்கீகாரம் வழங்கியது. இருந்தும் 2011-12 இல் இந்தியா முழுவதிலும் நடத்தப்பட்ட பெரும் ஆய்வொன்றில், சாதி கடந்த திருமணங்கள் ஏறத்தாழ 5 சதவீதமாகவே இருந்தன. கதவைத் திறந்து வைப்பது சட்டத்தின் வேலை. உள்ளே வருபவரை வாருங்கள் என்று அழைப்பது வீட்டாரின் வேலை.

அந்த அழைப்பு பெரிய புரட்சியாக இருக்க வேண்டியதில்லை. வரன் தேடும்போது பிள்ளையின் கருத்தை முதலில் கேட்கலாம். சமயம் முக்கியமென்றால் சமயத்தை மட்டும் கூறிவிட்டுச் சாதியை விட்டுவிடலாம். யாழ்ப்பாணம் என்ற சொல்லுக்குப் பதிலாகத் தமிழர் என்று எழுதலாம். பிள்ளை தானே ஒருவரைத் தெரிந்துகொண்டு வந்தால், அவர் எந்த ஆக்கள் என்று கேட்பதற்கு முன்னர் அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்கலாம். மாற்று மதத்தவரை மணந்த பிள்ளையுடன் உடன்பட முடியாத பெற்றோரும் அவருடன் பேசுவதை நிறுத்தாதிருக்கலாம்.

எமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. அந்த ஆசிரியை அம்மையார் அஞ்சியது சாதியை அன்று. அச்சொல் இல்லாத விளம்பரம் தனித்துத் தெரிந்துவிடும் என்பதையே. பத்துப் பேர் அச்சொல்லை விட்டுவிட்டால் எதுவும் தனித்துத் தெரியாது. ஆகையால், விளம்பரம் கொண்டு வருகின்றவர்களிடம் அச்சொல் அவசியந்தானா என்று ஒரு முறை கேட்பதென நாம் எம்மளவில் தீர்மானித்துள்ளோம். முடிவு அவர்களுடையது. ஆனால் அக்கேள்வியைக் கேட்காமலே பணத்தைப் பெற்றுக்கொண்டு பிரசுரித்தவர்கள் நாம் என்பதை வாசகர்கள் முன் ஒப்புக்கொள்வது, இக்கட்டுரையை எழுதுவதற்கான குறைந்தபட்சத் தகுதியென நாம் கருதுகின்றோம்.